தண்டமும் தோன்றா எழுவாயும்

"வங்கி விதியை மீறியது, வங்கிக்குத் தண்டம் விதிக்கப்பட்டது." வெளிநாட்டுச் செலாவணி ஒழுங்குகளை மீறிய நிதி நிறுவனங்களைப் பற்றி நாளேடுகளில் வரும் செய்திகளைச் சுருக்கினால் இவ்விரு வாக்கியங்களே எஞ்சும். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இவற்றைக் கரும்பலகையில் எழுதி, இவற்றுள் மனிதர் எங்கே என்று மாணவரை வினவலாம். முதல் வாக்கியத்தின் எழுவாய் அஃறிணை. இரண்டாவது வாக்கியம் செயப்பாட்டு வினை; அங்கே விதித்தவர் யாரென்ற குறிப்பே இல்லை. குற்றம் நிகழ்ந்தது, தண்டமும் நிகழ்ந்தது. ஆனால் இடையில் ஒரு மனிதரும் இல்லை. அறம் பாவம் என்பன உயர்திணைக்கு மட்டுமே உரியன என்று நம்பி வந்த நாம், அஃறிணை செய்யும் குற்றத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அதனைத் தண்டிப்பது எங்ஙனம்? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இது கொழும்பின் மாடமாளிகைகளில் தீர்க்கப்பட வேண்டிய விவகாரம், நமக்கென்ன என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் திருகோணமலைத் துறைமுகத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நன்று. வெளிநாட்டுச் செலாவணி என்னும் கட்புலனாகாத பொருள் அங்கே உருவெடுத்து நிற்கிறது. பிரிமா மாவு ஆலையின் துறைக்கு வரும் கோதுமைக் கப்பல் டொலர் கொடுத்து வாங்கப்பட்டது. கோதுமை விளையாத இந்நாட்டில் நாம் உண்ணும் பாணின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அந்த டொலர் இருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. ஆயினும் 2022ஆம் ஆண்டில், எண்ணெய் வாங்க நாட்டிடம் டொலர் இல்லாது போனபோது, அத்தாங்கிகள் நிற்கும் கரையிலேயே மீனவர் மண்ணெண்ணெய்க்குக் கலன்களுடன் காத்துக் கிடந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. செலாவணி தீர்ந்தது என்றால் வள்ளம் கரையில் கிடந்தது என்பதே பொருள்.

இந்த டொலர் எங்கிருந்து வருகிறது? தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளிலிருந்தும், ஆடைத் தொழிற்சாலைகளின் தையல் இயந்திரங்களுக்கு முன் குனிந்திருக்கும் முதுகுகளிலிருந்தும், வளைகுடா நாடுகளின் சமையலறைகளிலிருந்தும் வருகிறது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரிலிருந்தும், கிண்ணியாவிலிருந்தும் எத்தனையோ பெண்கள் அந்தச் சமையலறைகளுக்குப் போயிருக்கிறார்கள். மூதூரின் ஏழைக் குடும்பத்துப் பெண்ணொருத்தி 2005ஆம் ஆண்டில், வயது கூட்டி எழுதப்பட்ட கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றாள். அவளுடைய பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட அவள் 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனைக்கு உள்ளானாள். அந்தத் தீர்ப்பின் நியாயத்தை உலகமே கேள்விக்கு உட்படுத்தியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. செலாவணியை ஈட்டச் செல்லும் மனிதருக்கு உடல் இருக்கிறது. சட்டம் அந்த உடலைத் தேடிப் பிடிக்கிறது. அவர்கள் ஈட்டிய செலாவணியைக் கையாளும் நிறுவனத்துக்கோ உடல் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைவராயிருந்த தேர்லோ பிரபு, வணிகக் கழகங்களுக்கு உதைப்பதற்கு உடலும் இல்லை, நரகத்துக்கு அனுப்ப ஆன்மாவும் இல்லை என்னும் கருத்துப்படக் கூறியதாகச் சொல்வர். அவர் கண்ட சிக்கல் இன்றளவும் தீரவில்லை. இந்தியாவின் 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கொன்று இதற்குச் சான்று. அச்சட்டம் பெருந்தொகை சம்பந்தப்பட்ட மீறல்களுக்குச் சிறையும் தண்டமும் சேர்த்தே விதித்தது. நிறுவனத்தைச் சிறையில் அடைக்க இயலாது. ஆகவே அதன்மீது வழக்கே தொடர முடியாது என்று வாதிடப்பட்டது. 2003இல் வேறொரு சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய வாதத்தை ஏற்றிருந்தது. இதன் விளைவைப் பாருங்கள்: சிறு தொகைக்குச் சட்டத்தை மீறிய நிறுவனம் தண்டம் செலுத்தும், பெருந்தொகைக்கு மீறிய நிறுவனம் தப்பிவிடும். குற்றம் பெருகப் பெருகப் பாதுகாப்பும் பெருகும்! 2005ஆம் ஆண்டில் ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தொடர்பான வழக்கில் ஐந்து நீதியரசர் கொண்ட ஆயம், மூவர் பெரும்பான்மையால், அந்த நிலைப்பாட்டை மாற்றியது. சிறை இயலாவிடின் தண்டமேனும் விதிக்கலாம். நிறுவனம் வழக்குக்கு அப்பாற்பட்டதன்று என்று அது தீர்த்தது. நல்ல தீர்ப்பே. எனினும் இறுதியில் எஞ்சியது என்ன? ஒரே குற்றத்துக்கு உடலுள்ளவன் சிறையும் பணமும் கொடுக்கிறான். உடலற்றது பணம் மட்டும் கொடுக்கிறது.

பணம் மட்டுமே கொடுத்துத் தீரும் குற்றத்துக்கு வணிகர் வைக்கும் பெயர் செலவு. தண்டனைக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே: இதனைச் செய்யாதே என்கிறது தண்டனை, செய்வதாயின் இவ்வளவு கொடு என்கிறது விலை. மீறலால் வரும் இலாபம் தண்டத்தைவிட மிகுதியாயின், அத்தண்டம் விலையாகிவிடுகிறது.

நம் நாட்டில் 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மீறல்களைக் குற்றவியல் குற்றங்களாகக் கருதியது. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அதனை நீக்கி, தளர்ந்த ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. வங்கிகளின் சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களைக் கண்காணிக்கும் 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடற் சட்டம் இதற்கு நெருங்கிய உறவுடையது. அச்சட்டம் ஒரு மீறலுக்கு விதித்த தண்டத்தின் உச்ச வரம்பு பத்து இலட்சம் ரூபா. சட்டம் எழுதப்பட்ட ஆண்டில் அது ஏறத்தாழ 9,600 டொலர். 2022 மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாவைத் தாண்டியபோது அதே தொகை 2,800 டொலருக்கும் குறைவாகத் தேய்ந்தது. நாணயத்தைக் காப்பதற்கென எழுந்த வேலி, நாணயத்தோடு சேர்ந்தே சரிந்தது என்றால் மிகையாகாது.

தொகையைப் பெருக்கினால் போதும் என்பர் சிலர். பெருந்தொகைகளும் கண்டாயிற்று. உலக நாணயச் சந்தையில் மாற்று விகிதங்களைத் தமக்குள் கூடிப் பேசித் திரித்தமைக்காக 2014 நவம்பரில் ஆறு பெருவங்கிகளுக்கு 4.3 பில்லியன் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் சிற்றி, ஜே.பி. மோர்கன், பார்க்ளேஸ், றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்து ஆகியன அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. பின்னர் அந்த உரையாடல்களில் பங்குகொண்ட மூன்று வணிகர் நியூயோர்க்கில் விசாரிக்கப்பட்டனர்; 2018 ஒக்டோபரில் அவர்கள் குற்றமற்றவர் என யூரிமார் தீர்ப்பளித்தனர். அவர்களது விடுதலையை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் உண்டு, அவ்வழக்கில் குற்றவாளி எவரும் இல்லை என்னும் இந்த விந்தை சிந்தனைக்குரியது. நிறுவனம் என்பது மனிதரின் பொறுப்பைக் கரைத்துவிடும் பாத்திரமாகிவிட்டது.

அந்தத் தண்டத்தைத்தான் இறுதியில் யார் செலுத்துகிறார்? தீர்மானித்த பணிப்பாளர் அல்லர். கடனுக்கு வட்டி கட்டும் சிறு வணிகரும், சேமிப்புக்குக் குறைந்த வட்டி பெறும் ஓய்வூதியரும், சம்பள உயர்வு மறுக்கப்படும் எழுதுவினைஞரும் அதில் பங்கு செலுத்துகின்றனர். நம் நாட்டிலோ விந்தை இன்னும் பெரிது. 1961இல் அரசுடைமையாக்கப்பட்ட இலங்கை வங்கியும், அதே ஆண்டில் நிறுவப்பட்ட மக்கள் வங்கியும் மக்களின் சொத்துகள். அரச வங்கியொன்று தவறிழைத்து, அதற்கான தண்டம் அரசின் திரட்டுநிதியைச் சேருமாயின், மக்களின் இடப்பக்கச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வலப்பக்கப் பையில் இடுவதன்றி வேறென்ன நிகழ்ந்தது?

இங்கே நேர்மையான ஓர் ஆட்சேபம் எழும். செலாவணி விதிகள் யாவும் நீதியானவையா? 2021 செப்டெம்பர் முதல் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா என்று கட்டி வைக்கப்பட்டது. வெளிச்சந்தையில் அதற்கு மேலும் பல ரூபாய் கிடைத்தது. வங்கி வழியாக வரும் பணத்துக்கு ஊக்கத்தொகை கொடுத்தும் பயனில்லை. வளைகுடாவில் உழைத்த பெண், தன் பிள்ளைகளின் பசியை எண்ணி உண்டியல்காரரிடம் பணத்தைக் கொடுத்தாள். 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணவரவு 2021இல் 5.5 பில்லியனாகவும், 2022இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தது. அவளும் விதியை மீறியவள்தானே? வங்கியைக் கடிந்துகொண்டு அவளை மன்னிப்பது எந்த நியாயம்?

விதியை மீறியோர் யாவரும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவர் அல்லர். அவள் கொடுத்தது தன் சொந்த உழைப்பு. வங்கி கையாள்வது பிறர் உழைப்பு. அவளுக்கு விதியை ஆக்குவதில் பங்கில்லை. வங்கித் தலைவர்களோ விதி ஆக்குவோருடன் ஒரே மேசையில் அமர்பவர்கள். அவள் மீறியது பொய்யான ஒரு விகிதத்தை. அதன் பொய்ம்மையை முதலில் அறிந்திருக்க வேண்டியவர்கள் நிதித்துறை வல்லுநர். செலாவணியில் வணிகம் செய்யும் அனுமதியை ஒரு வங்கிக்கு வழங்குவதென்பது, நாட்டின் பொதுப் பொருளுக்குக் காவல் நிற்கும் பொறுப்பை வழங்குவதாகும். பசியால் களஞ்சியத்தில் ஒரு பிடி அள்ளியவளையும், திறவுகோலைக் கையில் வைத்திருந்து கதவைத் திறந்துவிட்ட காவலனையும் ஒன்றாகக் காண்பது நீதியின் குருட்டுத்தனமேயன்றி நடுநிலைமை அன்று. விதிகளே வேண்டாம் என்பதும் இதற்கு விடையாகாது. காவலற்ற களஞ்சியத்தில் முதலில் நுழைவது வண்டி வைத்திருப்பவனே, பசித்தவள் அல்லள்.

2022 ஏப்பிரல் 12ஆம் நாள் அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர் யார் என்ற வினாவைப் பொதுநல மனுதாரர் சிலர் நாட்டின் உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தனர். ரூபாவின் பெறுமதியைச் செயற்கையாகக் கட்டி வைத்தமை, கையிருப்பு வற்றிய வேளையிலும் 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் கடன்முறியைச் செலுத்தியமை முதலியன அங்கே ஆராயப்பட்டன. 2023 நவம்பர் 14ஆம் நாள், முன்னாள் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் உள்ளிட்டோர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என ஐவருள் நால்வர் பெரும்பான்மையால் தீர்ப்பாயிற்று. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா செலுத்துமாறு பணிக்கப்பட்டது.

அத்தொகையைக் கண்டு நகைத்தவர் பலர். நகைப்புக்கு இடமுண்டு. ஆயினும் அந்தத் தீர்ப்பில் கோடிக்கணக்கான தண்டங்கள் செய்யாத ஒன்று நிகழ்ந்தது: மனிதரின் பெயர்கள் சொல்லப்பட்டன. "பொருளாதாரம் வீழ்ந்தது" என்ற அஃறிணை வாக்கியத்துக்குள் மறைந்திருந்த தோன்றா எழுவாய் வெளிக்கொணரப்பட்டது. செலாவணி விதியை ஆக்கியோர் பெயரால் அறியப்படக் கூடுமாயின், அதை மீறும் வங்கிகளில் முடிவெடுத்தோர் மட்டும் ஏன் அறியப்படக் கூடாது?

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையை உணர்ந்த கணத்தில், பிழைத்தது தன் அரசவை என்றோ, தன் காவலர் என்றோ சொல்லவில்லை. தன்னையே கள்வன் என்று கூறி உயிர்விட்டான். பொறுப்பை ஒருவர் தம்முடையதாக ஏற்பதன் பெருமை அது. ஆனால் அவன் இறந்தமையால் கோவலன் மீளவில்லை. மதுரையும் எரியாமல் தப்பவில்லை. ஆகவே பொறுப்பேற்பதோடு நீதி முடிந்துவிடுவதுமில்லை. இழந்தவருக்கு இழந்தது திரும்ப வேண்டும்.

இதிலிருந்து நாம் பெறத்தக்க முடிவுகள் எளியவை. தண்டம் மீறலால் வந்த இலாபத்தைக் கொண்டு அளக்கப்பட்டு, அதனினும் மிகுதியாக இருத்தல் வேண்டும். முடிவெடுத்த மேலாளரின் பெயர் தண்டத்தோடு வெளியிடப்பட்டு, அவர் தம் கையிலிருந்தே செலுத்துதல் வேண்டும்; கட்டளைக்குப் பணிந்த எழுதுவினைஞர் பலிக்கடா ஆகலாகாது. திரளும் பணம் செலாவணியை ஈட்டிய உழைப்பாளரின் நலனுக்கே திரும்புதல் வேண்டும்.

இவற்றைச் சட்டமாக்குவது பாராளுமன்றத்தின் வேலை. அதற்கு முன்னதான வேலை ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரியது. வங்கி மீறியது, சந்தை சரிந்தது, விலை ஏறியது என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, செய்தவர் யார் என்று கேட்கப் பழகுதலே அவ்வேலை. மூதூர்ப் பெண்ணின் பெயரை நீதிமன்றமும் நாளேடும் அறிந்திருந்தன. அவளைப் போன்றோர் அனுப்பிய பணத்தைத் தவறாகக் கையாண்டவரின் பெயரையும் நாடு அறியும் நாளில்தான், தண்டம் என்ற சொல் தண்டனை என்ற தன் பொருளை மீளப் பெறும்.