அக்காவின் காவலும் தங்கையின் சம்மதமும்

தங்கையைப் பெண் கேட்டு வருபவன் பட்டமும் பணமும் உள்ளவன், விடாப்பிடிக்காரனும்கூட. அக்காவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. குறுக்கே நிற்க அவளுக்கு உரிமை உண்டா?

2022இல் வெளியான ‘பிரிட்ஜர்டன்’ தொடரின் இரண்டாம் பருவம், 1814ஆம் ஆண்டு லண்டனில் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. தங்கை எட்வினாவை மணக்கத் துடிக்கும் ஆண்டனி பிரபுவை, பம்பாயிலிருந்து வந்த கேட் சர்மா வழிமறிக்கிறாள். (ஜூலியா குயினின் மூல நாவலில் இவர்கள் ஆங்கிலப் பெண்கள்; தொடரில் நடித்த இருவரும் தமிழ்க் குடும்பத்தவர்.)

கேட்டின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. மனைவியாக வருபவளுக்கு இன்னின்ன தகுதி வேண்டும், காதல் வேண்டாம் என்று அவன் நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்ததை அவள் காதாரக் கேட்டாள். அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண்ணின் ரொக்கமும் நகையும் பொதுவாகக் கணவனுக்கே சொந்தம். 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை மாற்றியது. மறுமணம் செய்துகொள்ளக்கூடிய விவாகரத்து வேண்டுமென்றால், 1857 வரை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியாக வேண்டும். திரும்பிவர வழியில்லாத வீட்டுக்குத் தங்கையை அனுப்புகிறவள், வருகிற வரனைத் துருவித் துருவி விசாரிக்கத்தான் வேண்டும். அவளை வம்புக்காரி என்பது அநியாயம்.

ஆனால் துருவியது அவனை மட்டும்தான். ஆங்கிலப் பிரபு ஒருவனை மணந்தால்தான் எட்வினாவுக்குப் பணம் என்று அவளுடைய தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் போட்ட நிபந்தனையைத் தங்கையிடமும், அவளைப் பெற்றவளான தன் சிற்றன்னையிடமும் கேட் மூச்சுவிடவில்லை. குடும்பம் கஷ்டப்படக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். இருந்தும், விலை பேசப்பட்டதே தெரியாமல் ஒருத்தி தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

அதைவிடப் பெரிய தவறு, அவன்மேல் தன் மனமே சாய்ந்த பிறகும் அதை மறைத்தது. பணத்தை மறைத்ததற்காவது குடும்பத்தின் நிலைமையைச் சொல்லலாம். இதற்கு அந்தச் சமாதானமும் இல்லை. அதன் பிறகு அவள் எதிர்த்தால் அதில் பொறாமை கலந்திருக்கும். வாழ்த்தினால் அது பொய்யாகும். ஆலோசனை சொல்லும் தகுதியை அவள் அப்போதே இழந்துவிட்டாள்.

சின்னப் பெண், தாங்கமாட்டாள் என்பார்கள். ராணி ஷார்லட்டே முன்னின்று நடத்திய திருமணத்தை, விஷயம் புரிந்ததும் நிறுத்தியவள் அந்தச் சின்னப் பெண்தான். முன்பே சொல்லியிருந்தால் பேச்சு நிச்சயதார்த்தம்வரைகூடப் போயிருக்காது.