பாடமாகும் சமயம்

ஒரு நெறியை நம்பாதவர் அதை அறிய முடியுமா, அறிந்தாலும் அது எவ்வகை அறிவு என்பது சமயத்தைப் பாடமாக்கும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் எழும் கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு இரண்டு வழிகள் அமைந்தன.

மலாயா இஸ்லாமியக் கல்லூரி 1955இல் கிள்ளானில், அரண்மனை ஒன்றில் தொடங்கியது. 1970இல் தேசியப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியப் புலமாயிற்று. 1983இல் தோன்றிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இறைவெளிப்பாட்டு அறிவையும் மானுட அறிவியல் துறைகளையும் பின்னர் ஒரே புலத்தில் சேர்த்தது. அங்கே நம்பிக்கைதான் படிப்பின் அடித்தளம்.

சைவம் இலக்கியத்தின் வழியே உள்ளே வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது. அத்துறையில் தமிழா சமஸ்கிருதமா என்ற வழக்கு எழுந்தபோது, இதழாளர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். எளிய உழைப்பாளிகள் ஆளுக்கொரு வெள்ளியாகக் கொடுத்த பணமும் அதில் உண்டு. அது துறையின் நூலகத்துக்குப் போனது. 1961இல் துறைக்கு வந்த தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கத் துறவி. 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடக்க அவரே முதற்காரணர். சைவ இலக்கியத்தைப் பிற சமயத்தார் ஆழ்ந்து கற்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனாலும் ஒரு வேறுபாடு மீந்து நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்துத் தேவார வகுப்பில் அப்பரின் நமச்சிவாயப் பதிகத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பரைத் தாங்கி அக்கல் மிதந்தது உண்மை. தாளம் தப்பினால் ஆசிரியர் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்கிறார். அதே பதிகம் பல்கலைக்கழகத்தில் வேறு கேள்விகளைக் கிளப்பும்: ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் ஏன் இவ்வாறு சொன்னார்? சமண சைவப் பிணக்கு அதில் எவ்வளவு? காந்தாரபஞ்சமப் பண் எப்போது கேதாரகௌளை ஆயிற்று? இக்கேள்விகள் பக்தியைக் குலைக்க வந்தவை அல்ல. பிள்ளை கேட்டறியாதவை, அவ்வளவே.

சைவ சித்தாந்தம் இதை முன்பே எண்ணியிருக்கிறது. அறிவை அது பாசஞானம், பசுஞானம், பதிஞானம் எனப் பிரிக்கிறது. சொல்லாலும் கருவிகளாலும் வருவது பாசஞானம். உயிர் தன்னையே முதலாகக் கொண்டு அறிவது பசுஞானம். இறையருளால் விளங்குவது பதிஞானம். சிவஞான சித்தியார் வேதத்தையும் புராணத்தையும்கூடப் பாசஞானத்தில்தான் வைக்கிறது. எனவே ஆய்வேட்டை மட்டும் தாழ்ந்தது என ஒதுக்க இந்நெறியில் இடமில்லை; ஓதும் நூலும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

அதே நூலின் பரபக்கம் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு மாற்றுக் கொள்கைகளை, அவரவர் வாதத்தை முதலில் கூறி, பிறகே மறுக்கிறது. பிறர் கருத்தைத் திரிக்காமல் எடுத்துரைப்பது ஆய்வாளருக்கு இன்றும் முதற்கடமை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அதைச் செய்து காட்டிய மரபு பல்கலைக்கழகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

சித்தாந்தம் ஞானநெறியில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளைச் சொல்லும். துறையின் விரிவுரையும் கருத்தரங்கும் முதலிரண்டை வளர்க்கின்றன, மூன்றாவதற்கும் துணையாகலாம். நான்காவது குருவின் அருளைச் சார்ந்தது; பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.