உரிமை கேட்போரின் கடன்

தனக்கு நீதி வேண்டுமென்று கேட்பவன், அவ்வாறு கேட்பதனாலேயே ஒரு கடமைக்கும் உட்படுகிறான். தான் பிறரிடம் கேட்கும் நீதியைத் தன்னிடம் கேட்போருக்கு அவன் மறுக்கலாகாது. மறுப்பானாயின் அவன் கேட்டது நீதியன்று, சலுகையே.

இவ்வறம் தனிமனிதனுக்கு மட்டுமா, அரசியற் கட்சிக்கும் உரியதா? திருநெல்வேலியில் என் வகுப்பு மாணவனொருவன், இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வரலாற்றைப் படித்தபோது எழுப்பிய வினா இது.

அக்கட்சியின் பிறப்புப் பெருமைக்குரியது. 1948இல் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமோ அவ்வாண்டிலேயே டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். அதனை ஏற்காது பிரிந்த செல்வநாயகமும் தோழர்களும் 1949 டிசம்பர் 18இல் புதிய கட்சியைத் தோற்றுவித்தனர். யாழ்ப்பாணத்தானை நேரே தாக்காத அநீதியையும் தன் அநீதியாகக் கொண்ட செயல் அது. 1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடியுண்டவர்களும் அவர்களே.

ஆயின், 1968ஆம் ஆண்டை நோக்குவோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் சென்று வழிபடும் உரிமையைத் தாழ்த்தப்பட்ட மக்கள் கோரினர். வாயிலில் மறித்து நின்றவர்களும் தமிழர்களே. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இருந்தும் கதவு திறக்கவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்தியது தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம்; வடக்கின் பெருங் கட்சியான தமிழரசுக் கட்சியன்று. அதே ஆண்டில், திருக்கோணேசுவரத்தைப் புனித பூமியாக்கும் முயற்சி தடைப்பட்டமைக்காக அக்கட்சி சார்ந்த அமைச்சர் மு. திருச்செல்வம் பதவி துறந்தார். ஒரு கோயிலின் பொருட்டு அமைச்சர் பதவியே துச்சமாயிற்று. மற்றொரு கோயிலின் வாயிலில் தம் மக்களே தடுக்கப்பட்டபோது அத்தகைய தியாகம் எதுவும் நிகழவில்லை.

"முதலில் இனத்தின் உரிமை, சாதிப் பிரச்சினை பின்னர். இப்பொழுது கிளறினால் ஒற்றுமை குலையும்" என்பர் சிலர். இவ்வாதம் நமக்குப் புதியதன்று. "முதலில் நாட்டின் ஒற்றுமை, மொழியுரிமை பின்னர்" என்று கொழும்பு நம்மிடம் சொன்னதும் இதுவேயன்றோ? அன்று அதனை ஏமாற்று என்றோம். நம் வாயிலிருந்து வரும்பொழுது மட்டும் அது அரசியல் ஞானமாகிவிடுமா?

வாக்கைக் கருதி வாளாவிருப்பதும் நடுநிலை அன்று. மூடிய கதவுக்குத் தரும் முட்டு அது. சமஷ்டி என்பது அதிகாரத்தைப் பகிர்தல் என்றால், அப்பகிர்வு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை வந்து நின்றுவிடலாகாது. கோயில் வாயிலையும் பொதுக் கிணற்றையும் கடந்து கடைசிக் குடிசைவரை செல்ல வேண்டும்.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுவே: கட்சிக்கும் அவ்வறம் உண்டு, தனிமனிதனைவிட மிகுதியாகவே உண்டு. ஏனெனில் தனிமனிதன் தனக்காகப் பேசுகிறான். கட்சியோ ஒரு மக்களின் பெயரால் பேசுகிறது. அம்மக்களுள் ஒருவன் வாயிலுக்கு வெளியே நிற்கும்வரை அப்பெயரை முழுமையாகச் சொல்லும் உரிமை அதற்கில்லை.