டெரோசியோவைக் கேட்காத சபை

எங்கள் பள்ளி முதல்வரை நீக்க நிர்வாகம் முனைந்தபோது அவருக்கான மனுவில் கையெழுத்திட்டேன். அவர் கோயிலுக்குப் போகாதவர். நான் பிரதோஷம் தவறாதவன். பக்தன் இதைச் செய்யலாமா என்றார்கள். செய்தே ஆக வேண்டும்.

இப்படித்தான் 1831-இல் கல்கத்தா இந்துக் கல்லூரி, நாத்திகம் போதித்ததாகச் சொல்லி, இளம் ஆசிரியர் டெரோசியோவை விளக்கம் கேட்காமலே விலகச் செய்தது. கடவுள் பற்றித் தத்துவ அறிஞர் ஹியூம் எழுப்பிய ஐயங்களோடு, ரீடும் ஸ்டூவர்ட்டும் என்ற தத்துவ அறிஞர்கள் அவற்றுக்குச் சொன்ன மறுப்புகளையும் கற்பித்ததாகப் பிறகு கடிதத்தில் விளக்கினார். மறுப்பையும் மறைக்காமல் தருபவரல்லவா ஆசிரியர்! டெரோசியோவை மதித்த, கல்லூரி நிர்வாக சபையில் இருந்த டேவிட் ஹேரும் வில்சனும், இது இந்துக்களின் உணர்வு சார்ந்தது என்று வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். அந்த ஒதுங்கலை என் மனம் ஏற்கவில்லை. கேள்வி கேட்டால் குலைந்துவிடும் என்று நாம் அஞ்சுவது எந்தக் கடவுளை?

எங்கள் முதல்வரை நேரில் அழைத்துக் கேட்கட்டும். அதுவரை என் கையெழுத்து அங்கேயே இருக்கும்.