சாட்சிக்கு அழைக்கப்பட்டால்



அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வாழும் நம் பகுதிப் பிள்ளை ஒருவர் போனில் ஒரு மஸ்அலா கேட்டார். ஜூரியாக வந்து உட்காரும்படி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். "தட்டிக்கழிக்க வழி இருக்கா ஹஜ்ரத்?" என்றார். கூடுமா கூடாதா என்று அவர் கேட்கவில்லை. தப்பிக்க வழி உண்டா என்றுதான் கேட்டார்.

ஜூரி முறை நம் நாட்டிலும் இருந்ததுதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945-இல் சென்னையில் ஜூரிகள்தான் குற்றவாளிகள் என்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. 1947-இல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. பம்பாயில் 1959-இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை, ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் நிரபராதி என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

'அப்போ நமக்கு என்ன கவலை?' என்று நினைக்காதீர்கள். ஜூரி நாற்காலி போய்விட்டது, அழைப்பு போகவில்லை. ரோட்டில் ஒருவர் அடிபட்டு இறந்தால் போலீஸ் அக்கம்பக்கத்து ஆட்களைப் பஞ்சாயத்தாராகக் கூப்பிடுகிறது. இறப்புக்கு என்ன காரணம் என்று தோன்றுகிறதோ அதை எழுதும் விசாரணை அது. அந்த அறிக்கையில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதைக் கவனியுங்கள்: அதில் உள்ளதை ஒப்புக்கொள்பவர்கள் மட்டும். அதாவது, ஒப்புக்கொள்ளாமல் இருக்கும் உரிமையைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது.

எனக்கே இப்படி ஓர் அழைப்பு வந்தது. சிப்காட்டில் கூலி வேலை பார்த்த வடமாநிலப் பையன் ஒருவன், இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வரும்போது வண்டி மோதி இறந்துபோனான். பிணவறை வாசலில் ஐந்து பேர் நின்றோம். காகிதம் தயாராக இருந்தது. மற்ற நான்கு பேரும் போட்டுவிட்டார்கள். நான் படித்தேன். 'கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தபோது' என்று எழுதியிருந்தது.

"சார், இவன் ரோட்டைக் கடந்ததை நாங்க யாரும் பார்க்கலையே" என்றேன்.

"வழக்கமா எழுதுறதுதான் பாய்" என்றார் ஏட்டு.

"காயத்தைப் பார்த்தோம், அதை எழுதுங்க, போடுறேன்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் வேறு காகிதம் எடுத்து எழுதினார். முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு நேரம்?" என்று முணுமுணுத்தார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நாளை இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுப்பார். தவறு இறந்தவன் மீதும் இருக்கிறது என்று சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்பார். எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் அவன் தாய்க்கு நம் பேனாவால் எவ்வளவு குறையும்?

ஷஹாதத் என்ற சொல்லின் வேரிலேயே நேரில் இருப்பதும் காண்பதும் அடங்கியிருக்கிறது. நாம் சொல்லும் கலிமாவும் அதே ஷஹாதத்தான். அறியாத ஒன்றின் பின்னால் போகாதே. செவி, பார்வை, இதயம் எல்லாமே விசாரிக்கப்படும் என்று சூரா பனீ இஸ்ராயீலில் (17:36) அல்லாஹ் எச்சரிக்கிறான். பெரும் பாவங்களைச் சொல்லி வந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைச் சொல்லும்போது மட்டும் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'இதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்களா' என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது மட்டுமல்ல, படிக்காமல் போடும் கையெழுத்தும் இதில் சேருமா என்று உங்கள் மனதைக் கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்த்தவர் பார்க்கவில்லை என்பது. 'பிறர் குறையை மறைப்பது நன்மைதானே ஹஜ்ரத்' என்று அதற்கு ஹதீஸையே ஆதாரம் காட்டுகிறார்கள்! அந்த மறைத்தல், அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான பாவத்தில். ஓர் அநாதையின் பங்கும், அடிபட்டவனின் இழப்பீடும் அப்படியல்ல, அவை மனிதனின் உரிமை. சாட்சி சொல்வது பர்ளு கிஃபாயா. உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லையென்றால் அது உங்கள் மீது பர்ளு ஐன் ஆகிவிடும் என்கிறார்கள் ஃபுகஹாக்கள். சாட்சியை மறைப்பவனின் இதயமே பாவத்தில் விழுந்தது என்பது அல்பகராவின் 283-ஆம் வசனக் கருத்து. நாவு என்று சொல்லவில்லை, இதயம் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடையாக நடக்க வேண்டும், வாய்தா மேல் வாய்தா, ஒரு நாள் சம்பளம் போகும், எதிரி மிரட்டுவான். பொய்யான பயம் இல்லை. விபத்தில் உதவியவரைப் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. சாட்சிக்குப் பேட்டா கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு, கேட்டால்தான் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் அல்பகராவின் 282-ஆம் வசனத்தைப் பாருங்கள். அழைக்கப்பட்டால் சாட்சிகள் மறுக்கக் கூடாது என்ற அதே வசனம், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதி அழைக்கப்பட்டவருக்கு. இரண்டாவது பாதி யாருக்கு? நம் எல்லோருக்கும்தான். கம்பெனியில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்களே, சம்மன் வந்த தொழிலாளியின் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். தினக்கூலிக்காரர் சாட்சி சொல்லப் போனால் அன்றைய கூலியை ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம் என்று நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், தொழுகை முடிந்ததும் அதைப் பேச உட்காருகிறோம். கருத்துள்ளவர்கள் இருந்து சொல்லிவிட்டுப் போங்கள்.