உடற்கல்வியும் மேற்பார்வையாளரின் மனச்சான்றும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது தமிழர் நாவில் பழகிய முதுமொழி. உடலே அறிவுக்கும் ஒழுக்கத்திற்கும் நிலைக்களன் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், தொடக்கப்பள்ளியின் கால அட்டவணையில் எளிதிற் களவுபோகும் பாடம் எது என்று வினவினால், உடற்கல்வி என்ற விடையே முதலில் வரும். அக்களவை அறிந்தும் அறியாதார்போல் இருந்துவிடும் மேற்பார்வையாளர் குற்றமற்றவரா? நிர்வாகம் பற்றிய வினாவாகத் தோன்றினும், இஃது அடிப்படையில் ஓர் அறநெறி வினாவேயாகும்.

1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்ட அனைத்துலகச் சாசனம், உடற்கல்வியும் விளையாட்டும் மனிதர் அனைவர்க்கும் உரிய அடிப்படை உரிமை என்று அறிவித்தது. உரிமை என்று ஒப்புக்கொண்ட பின்னர், அதனை வழங்குவது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்த கொடையன்று; மாணவனுக்குத் தீர்க்க வேண்டிய கடன். கடனைத் தீர்க்காமலே தீர்த்ததாகக் கணக்கெழுதுவதை வணிகர் உலகம் மோசடி என்கிறது. பள்ளி உலகம் அதற்கு வேறு பெயர் சூட்டலாமா?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இத்தவற்றுக்கு இரக்கமும் ஒரு காரணமாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வை முன்னிட்டு, உடற்கல்வி நேரத்தில் கணிதம் கற்பித்த ஆசிரியர் உண்டு. தோட்டப்புறத்துப் பிள்ளை தேர்வில் தேறினாலன்றோ வாழ்வில் உயரும் என்பது அவர்தம் கவலை. அவரைக் கொடியவர் என்பது நீதியன்று. தமக்கென அவர் எதனையும் எடுத்துக்கொள்ளவில்லை. எனினும், நல்ல நோக்கம் பொய்யான பதிவை மெய்யாக்கிவிடாது. பாடக்குறிப்பேட்டில் ‘பந்தை எறிதல், பிடித்தல்’ என்றிருக்க, கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதப்படுகிறது. மேற்பார்வையாளரோ குறிப்பேட்டை மட்டும் நோக்கிக் கையொப்பமிடுகிறார். உண்மையை அங்கு அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் அறிவர். எழுத்து வேறு, செயல் வேறு என்னும் பாடத்தை எவரும் கற்பிக்காமலே அவர்கள் கற்றுக்கொள்கின்றனர். அடுத்து வரும் நன்னெறிக் கல்வி நேரத்தால் அதனை அழித்துவிட இயலுமா?

2021இல் அத்தேர்வு கைவிடப்பட்டது. தேர்வு நீங்கியதனாலேயே பழக்கமும் நீங்கிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 2008 முதல் நடைமுறைக்கு வந்த செகாக் உடல் தகுதிச் சோதனையிலும், அளந்து எழுதுவோர்க்கு இடமிருப்பது போலவே, அளக்காமல் எழுதுவோர்க்கும் இடமுண்டு. இரண்டையும் பிரித்தறிய மேசை போதாது. திடலுக்குத்தான் செல்ல வேண்டும்.

திடலுக்குச் சென்றவர் எதனைக் காண வேண்டும்? முப்பது மாணவர், ஒரே பந்து, முப்பது நிமிடம் என்றால், ஒரு மாணவன் கையில் பந்து இருப்பது ஒரு நிமிடமே. எஞ்சிய இருபத்தொன்பது நிமிடமும் அவன் வரிசையில் நிற்கிறான். ஐவர்க்கு ஒரு பந்து என ஆறு குழுக்களாகப் பிரித்துவிட்டால், அவன் பங்கு ஆறு நிமிடமாகிவிடும். ஐந்து முதல் பதினேழு வயதுடையோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கையில், இந்த வேறுபாடு சிறிதன்று. மர நிழலில் ஒதுங்கி நிற்கும் பருத்த சிறுவனும், கூச்சத்தால் பின்வாங்கும் சிறுமியும் அன்றைய பாடத்தில் இடம்பெற்றனரா என்பதையும் அவர் காண வேண்டும். 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணி ஜெகதீசனும் எம். இராஜாமணியும் வென்ற தங்கப் பதக்கங்கள் மலேசியர் போற்றத்தக்கவை. ஆனால், பள்ளியின் உடற்கல்வி பதக்கம் வெல்வோர்க்கு மட்டும் உரியதன்று. ஓட்டத்தில் இறுதியாக வந்து சேரும் பிள்ளைக்கும் அதே அளவு உரியது.

மேற்பார்வை என்பது ஒற்றறிதல் அன்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில், ஓர் ஆசிரியர் பல பாடங்களைச் சுமக்கிறார். உடற்கல்வியில் சிறப்புப் பயிற்சி பெறாதவராகவும் அவர் இருக்கலாம். பந்து வாங்கித் தராமல், மழைநாளில் பயன்படுத்த இடம் ஒதுக்காமல், ஒரு பயிற்சியையேனும் உடனின்று காட்டாமல், குறையை மட்டும் எழுதிச் செல்பவர் தம் கடமையின் பாதியைக் கூடச் செய்தவராகார். கண்டிக்கும் உரிமை, உதவும் கடமையை நிறைவேற்றியவர்க்கே உண்டு.

கையொப்பம் என்பது மையால் இடும் கோடு மட்டுமன்று. ‘இது நடந்தது, யான் கண்டேன்’ என்னும் சாட்சியம். காணாததைக் கண்டதாகச் சொல்லும் சாட்சியை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. தமக்காக வாதாட அறியாத ஏழு வயதுக் குழந்தையின் வழக்கில், அச்சாட்சியம் மேலும் தூயதாக இருத்தல் வேண்டுமன்றோ?