ஆறாம் நாளின் மன்னா



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன்பாக வைக்கிறேன். முதிர்வயதுக்கென்று பணம் சேர்ப்பது அவிசுவாசமா?

"அவிசுவாசம்தான்" என்று நெடுங்காலம் சொல்லிவந்தவன் நான். கோயம்புத்தூரில் ஒரு மில்லில் 31 வருஷம் வேலை செய்தேன். கூட வேலை பார்த்த ஒரு சகோதரன், "அண்ணே, பி.எஃப். பணத்துல கை வைக்காதீங்க, கடைசி காலத்துக்கு வேணும்" என்பார். "கர்த்தர் பாத்துக்குவாரு தம்பி" என்று அவர் வாயை அடைத்துவிடுவேன். மகள் கல்யாணத்துக்கு ஒரு முறை, வீட்டுக்கு ஒரு முறை எடுத்தேன். 2011-ல் 58 வயதில் ஓய்வு பெற்றபோது வந்த மீதியை மகனின் கடைக்குக் கொடுத்தேன். கையில் நின்றது மாதம் 2,000 ரூபாய்க்கும் குறைவான பென்ஷன்.

மூன்று வருஷத்தில் என் மனைவி கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பணமில்லை. என் மருமகள், தன் மகள் படிப்புக்கென்று கட்டிவந்த சீட்டை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கொடுத்தாள். சபையிலே நான், "கர்த்தர் தேவையைச் சந்தித்தார்" என்று சாட்சி சொன்னேன். மெய்தான். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. விசுவாசம் பேசியது நான், விலை கொடுத்தது அவள்.

வனாந்தரத்தில் மறுநாளைக்கென்று எடுத்துவைத்த மன்னா கெட்டுப்போனதே, அதைக் காட்டித்தான் முன்பு வாதாடுவேன். அந்த அதிகாரத்தின் மிச்சத்தை நான் கவனிக்கவில்லை. ஆறாம் நாளில் இரண்டு பங்காகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்தது கெடவில்லை! அதே மன்னாதான். கர்த்தர் சொல்லை நம்பாமல் வைத்தது நாறிற்று. அவர் நியமித்த ஓய்வுக்கென்று வைத்தது நின்றது. உழைக்கப் பெலனுள்ள நாட்கள்தானே நமக்கும் ஆறாம் நாள்?

"களஞ்சியத்தைப் பெரிதாக்க நினைத்த ஐசுவரியவானை மறந்தீரோ?" என்பீர்கள். மறக்கவில்லை. அவன் பணத்தின்மேல் சாய்ந்தான். நானோ ஒன்றும் சேர்க்காமல் பிறர் தோளில் சாய்ந்தேன். இரண்டும் கர்த்தர்மேல் சாய்வதல்ல.

வாலிபப் பிள்ளைகளே, வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தையும் பென்ஷன் பங்கையும் எடுத்துச் செலவழிக்காதீர்கள். 1995-ல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் 10 வருஷ சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன் உண்டு. கட்டட வேலை, தையல் வேலை செய்கிறவர்களுக்கு 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டம் இருக்கிறது. வருமான வரி கட்டாதவர்கள் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். 60 வயதுக்குமேல் மாதம் 5,000 ரூபாய் வர, 18 வயதில் சேருகிறவர் கட்டுவது மாதம் 210 ரூபாய். 40 வயதில் சேருகிறவர் கட்டுவது 1,454 ரூபாய். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதற்கு எவ்வளவு விலை பாருங்கள்! அதுவும் போதாது. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினாலே 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்று 10,000 ரூபாயில் ஓடுகிற வீட்டுக்கு அன்று 20,000 வேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகளுக்குச் செய்யுங்கள். ஆனால் ஊர் மெச்ச ஒரு நாள் பந்தி போட்டு, பின்பு இருபது வருஷம் அதே பிள்ளைகளுக்குப் பாரமாகாதிருங்கள். அதுவும் அன்புதான்.

நான் பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை செய்து, நாலு வருஷத்தில் அந்தச் சீட்டுப் பணத்தை மருமகளிடம் திருப்பிக் கொடுத்தேன். "எதுக்கு மாமா இதெல்லாம்? கர்த்தர்தானே பாத்துக்கிட்டாரு" என்றாள்.

"ஆமாம்மா, உன் கையால பாத்துக்கிட்டாரு. அந்தக் கை வெறுங்கையா இருக்கக்கூடாது" என்றேன்.

கர்த்தர்தாமே நமக்கு ஞானமுள்ள இருதயத்தைத் தருவாராக. ஆமென்.